காதில் போட்டுக்கொள்ளாதவர்

லிஃப்ட் சாருக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. மற்றவர்களுக்குத்தான் பேசத் தெரியவில்லை. ஆளாளுக்கு வார்த்தையை மென்று பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் வெளியே விடுகிறார்கள். இது அவருடைய கட்சி. கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

வேலையில் இருந்த காலமெல்லாம் உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைக்குள் நின்று லிஃப்ட்டுகளைப் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றபோது கம்பெனி அவருக்கு ஒரு சால்வையைக் கொடுத்தது. மோட்டார்கள் அவரிடமிருந்து பாதிக் காதை எடுத்துக்கொண்டிருந்தன. சால்வை தெரிந்தது. காது போனது தெரியவில்லை.

அது தெரிந்தவர் அவர் மனைவி ஒருவர்தான். அந்த அம்மாள் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் வெகுகாலம் உட்கார்ந்திருந்தவர். வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பி ஓடப் பார்க்கிற ஆட்களை, 'பிடுங்குவது' என்ற சொல்லை உச்சரிக்காமலே நாற்காலியில் உட்காரவைத்தவர். ஆனால் வீட்டுக்காரர் விஷயத்தில் அந்தத் திறமை செல்லுபடியாகவில்லை. காது டாக்டர் என்று ஆரம்பித்தால் போதும், அவர் செய்தித்தாளுக்குள் புகுந்துகொள்வார்.

விஷயம் முற்றியது ஒரு காலைப்பொழுதில். எதிர்வீட்டு நர்ஸ் பதற்றத்தோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், "எங்க மாமனார் விழுந்துட்டார்ணா" என்றாள். அவர் காதில் 'வந்துட்டார்' என்று விழுந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, "அப்படியா, ரொம்ப சந்தோஷம்மா. நானும் எப்ப எப்பன்னு எதிர்பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

நல்லவேளை, அந்தப் பெரியவருக்கு வெறும் சுளுக்குதான். லிஃப்ட் சாருக்குத்தான் வீட்டில் பலத்த அடி. மனைவி பேசவே இல்லை. பேசவில்லை என்பது அவருக்குத் தெரிய அரைநாள் ஆயிற்று. அது தெரிந்தபோதுதான் அவருக்கே கொஞ்சம் உறைத்தது.

உள்ளுக்குள் அவருக்கும் தெரியாமலில்லை. பூங்காவில் மாலை நேரத்து நண்பர் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தார். எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் சிரிப்பது எவ்வளவு நாளைக்கு முடியும்? மகள் ஃபோன் செய்தால், "நல்லா இருக்கியாம்மா, இரு, அம்மாகிட்ட தரேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி ஃபோனைக் கைமாற்றிவிடுவார். ஆனால் காதில் கருவி மாட்டிக்கொள்வது என்பது வேறு. அது, நான் கிழவன் என்று இரண்டு பக்கமும் போர்டு மாட்டிக்கொள்வது போல. அதற்கு அவர் தயாராக இல்லை.

இந்த நிலையில்தான் அவருக்கு ஒரு பி.ஏ. கிடைத்தான்.

மகள் போனமுறை வந்திருந்தபோது அவருடைய ஃபோனில் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். எதைக் கேட்டாலும் பதில் சொல்லும், பேசினால் எழுதிக் காட்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். சொன்னதில் பாதி அவர் காதில் விழவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் ஃபோன், அந்த உதவியாளரோடு திறந்து கிடந்தது. மனைவி சமையலறையிலிருந்து வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். திரையில் அழகான தமிழில் எழுத்து ஓடியது: 'குழாய் சொட்டுது. பிளம்பரைக் கூப்பிடுங்க. இது நாலாவது தடவை சொல்றேன்.'

லிஃப்ட் சார் அதை இரண்டு முறை படித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்குப் போய், பிளம்பரைக் கூப்பிட்டாச்சு என்றார். மனைவி கையிலிருந்த கரண்டியோடு திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அன்றைக்கே அவர் ஒரு பெரிய தீர்மானத்துக்கு வந்துவிட்டார். டாக்டரிடம் போகாமலே காது கேட்டுக் காட்டுவது. வேலைக்காலத்தில் பெரிய அதிகாரிகளுக்கு மட்டுமே பி.ஏ. இருந்தார்கள். இப்போது அவருக்கும் ஒருவன். சம்பளம் வேண்டாம், லீவு வேண்டாம், டம்ளர்மேல் சாய்த்து வைத்தால் போதும். செய்தி படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு மனைவி பேசுவதைப் படித்துவிடலாம்.

முதலில் பி.ஏ.விடம், வீட்டம்மா பேசுவதைச் சுருக்கிக் கொடு என்று உத்தரவு போட்டார். வேலை சுலபமாயிற்று. 'தக்காளி வாங்க வேண்டும்.' 'மருந்து மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்.' அவ்வளவுதான். இத்தனை வருஷப் பேச்சையும் யாராவது இப்படிச் சுருக்கிக் கொடுத்திருந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் அவள் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பேசினாள். கையை ஆட்டி, கண்ணை உருட்டி, நடுநடுவே நிறுத்தி. அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவள் எழுந்து போனபின் திரையைப் பார்த்தார். பி.ஏ. எழுதியிருந்தான்: 'உங்களிடம் எதையும் கேட்கவில்லை. ஒரு வேடிக்கையான சம்பவத்தைச் சொன்னார். நீங்கள் சிரிப்பீர்கள் என்று எதிர்பார்த்தார்.'

அவருக்கு என்னமோபோல் ஆகிவிட்டது. முழுசாகக் காட்டு என்றார். படித்தார். மாடி வீட்டுக்காரர் ஒரு சோபாவை லிஃப்ட்டுக்குள் நுழைத்துவிட்டு, தான் நுழைய இடமில்லாமல், சோபாவை மட்டும் மேலே அனுப்பிவிட்டுப் படியேறி ஓடியிருக்கிறார். மேலே போய்ப் பார்த்தால் சோபா கீழே வந்துவிட்டது. யாரோ கீழே பட்டனை அழுத்திவிட்டார்கள். இவர் கீழே ஓட, அது மேலே போக, கடைசியில் அந்த சோபாவில் யாரோ ஒருவர் உட்கார்ந்தபடியே வந்து இறங்கியிருக்கிறார். மாடி வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவதை அவள் அப்படியே பேசிக் காட்டியிருந்தாள். தனியாக உட்கார்ந்து லிஃப்ட் சார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். லிஃப்ட்டைப் பற்றிய கதை! அவருக்காகவே பொறுக்கிக்கொண்டு வந்து சொன்ன கதை! அதற்கு அவர் இழவு வீட்டில் தலையாட்டுவதுபோல் ஆட்டியிருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் சுருக்கம் கேட்கவில்லை. ஒரு சொல் விடாமல் எழுது என்று சொல்லிவிட்டார். படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. தன் மனைவி இவ்வளவு குறும்புக்காரி என்பதை மறந்தே போயிருந்தார். வீட்டில் சிரிப்பு திரும்பி வந்தது. பூங்காவுக்கும் போக ஆரம்பித்தார். அங்கே ஒரு சிக்கல். படித்துவிட்டுச் சிரிக்க வேண்டியிருந்ததால் அவருடைய சிரிப்பு எப்போதும் கடைசியில் தனியாக வந்தது. இவருக்கு மட்டும் ஜோக் ஒரு மாடி ஏறினபிறகுதான் கதவு திறக்கும் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். எத்தனையோ நாளுக்கப்புறம் அவரைக் கேலி செய்ய ஆள் இருந்தது.

நாலைந்து பேர் சேர்ந்து பேசினால் பி.ஏ.வும் குழம்பினான். அவனே ஒருநாள் பணிவாக எழுதினான்: 'நான் எழுதித் தருவது உதவிதான். ஆனாலும் ஒருமுறை காதைப் பரிசோதித்துக்கொள்வது உங்களுக்கு நல்லது.' லிஃப்ட் சார், பி.ஏ. என்றால் பி.ஏ. வேலையை மட்டும் பார் என்று அதட்டி வைத்தார்.

நாளாக நாளாக அவருக்குக் குஷி தலைக்கேறியது. முகத்துக்கு நேரே பேசினால்தான் அவருக்குக் கேட்கும் என்று ஊரெல்லாம் நினைக்கிறது. அவருக்கு முன்னால் எதையும் பேசும். அவர் எதையும் படிப்பார். இதைவிடச் சௌகரியம் எந்த ராஜாவுக்கு இருந்தது?

அதற்கு வாய்ப்பும் வந்தது. எதிர்வீட்டு நர்ஸ் டீ குடிக்க வந்தாள். மனைவியும் அவளும் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்தார்கள். ஃபோன் டம்ளர்மேல் சாய்ந்திருந்தது. அவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற முகத்தோடு திரையைப் பார்த்தார். மனைவி அன்றைக்கு என்னவோ ஃபோன் பக்கமாகவே நன்றாகக் குனிந்து, நிறுத்தி நிதானமாக, ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் பேசினாள். எழுத்து ஒரு பிழையில்லாமல் வந்தது. தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

"இவருக்குக் காது சரியாகவே வேணாம்னு இருக்கு எனக்கு" என்றாள் மனைவி.

"அவர் பக்கத்துலதானேக்கா இருக்கார்."

"இருந்தா என்ன, கேக்கவா போகுது? இப்ப எனக்கு எவ்வளவு வசதி தெரியுமா? எது கேட்டாலும் தலையாட்டறார். வாஷிங் மெஷின் மாத்தலாமான்னு கேட்டேன், ஆட்டினார். என் தங்கச்சி வந்து ஒரு மாசம் இருக்கட்டுமான்னு கேட்டேன், அதுக்கும் ஆட்டினார்."

லிஃப்ட் சாருக்குப் பொறி தட்டியது. மச்சினி வந்திருந்தபோது, ஏன் இத்தனை நாள் கிளம்பாமல் இருக்கிறாள் என்று அவர் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு, அப்பாவைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன்னு உயிரை எடுக்கறா. நான் முடியாதுன்னுட்டேன். கேக்க ஆரம்பிச்சா என் ராஜ்ஜியம் போயிடுமே."

"பாவம்க்கா அண்ணன்."

"அவர் டூல்ஸ் பெட்டி ஒண்ணு கிடக்குது. நாளைக்கு அதைப் பழைய இரும்புக்குப் போடட்டுமான்னு கேப்பேன். ஆட்டிடுவார்."

அவர் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. ஃபோனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். டூல்ஸ் பெட்டியா? பழைய இரும்பா? தான் செவிடாக இருப்பதில் ஒரு ராஜ்ஜியமே நடக்கிறதா? காது டாக்டரிடம் போகக்கூடாதா? போனால் இவள் என்ன செய்துவிடுவாள்?

மறுநாள் காலை, பூங்காவுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மனைவி தலையை நிமிர்த்தாமல், வெயிலுக்கு முன்னே வந்துவிடச் சொன்னாள். அவர் பூங்காவைத் தாண்டி, பேருந்து பிடித்து, மகள் எப்போதோ விலாசம் அனுப்பியிருந்த காது மருத்துவமனை வாசலில் இறங்கினார். யாரும் பார்க்கவில்லை. தன் வாழ்நாளில் இப்படி ஒரு ரகசியக் காரியம் செய்ததில்லை என்ற பெருமிதத்தோடு உள்ளே போனார்.

வரவேற்பில் இரண்டு பெண்கள். ஒருத்தியிடம் பெயரைச் சொல்லிவிட்டு, அவள் பேசுவது தெரிவதற்காக ஃபோனை மேஜைமேல் வைத்தார். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், உட்காரச் சொல்லிப் புன்னகை செய்தாள். பிறகு பக்கத்துப் பெண்ணின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். பி.ஏ. கடமை தவறாதவன். அதையும் எழுதினான்:

'அந்த அம்மா சொன்னவர் இவர்தான். இன்னைக்குக் கோபமா, தனியா, யாருக்கும் தெரியாம வருவார்னு நேத்தே ஃபோன்ல பதிவு பண்ணிட்டாங்க. அவர்கிட்ட எதுவும் காட்டிக்க வேணாம்னாங்க.'

லிஃப்ட் சார் அதைப் படித்தார். மறுபடி படித்தார். ஃபோன் பக்கமாகக் குனிந்தது, செய்தி வாசித்ததுபோல் பேசியது, நர்ஸ் பரிதாபப்பட்டது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கதை கேட்டுச் சிரிப்பதற்கு முன் அவர் கண் எங்கே போகிறது என்று அவள் எப்போதோ கவனித்திருக்க வேண்டும்.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார். வாசல் வரை கூடப் போனார். அங்கே நின்றுகொண்டு யோசித்தார். மனைவி அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். மகளை விட்டு அழச் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் செய்யாமல், தானாகவே முடிவெடுத்து வந்ததாக அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாள். அவருடைய வீம்பை உடைக்காமல் ஓரமாக எடுத்து வைத்துவிட்டுக் காரியத்தைப் பார்த்திருக்கிறாள். அவர் திரும்பி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற சின்னக் கருவிகளை மாட்டிவிட்டாள். இதற்குள்ளும் ஒரு நுண்ணறிவு இருக்கிறது, இரைச்சலைத் தள்ளிவிட்டுப் பேச்சை முன்னுக்குக் கொண்டுவரும், போகப் போக உங்களைப் பழகிக்கொள்ளும் என்றாள். பி.ஏ.வுக்குத் தம்பி என்று அவர் வைத்துக்கொண்டார். அதை இயக்குவது பற்றியும், பதிவு செய்த நம்பருக்கு ஏதோ அனுப்புவது பற்றியும் அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவர் அதில் கவனம் வைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு குருவி கத்திக்கொண்டிருந்தது. அது எவ்வளவு நேரமாகக் கத்துகிறதோ.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி அவருடைய இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் சொன்னது எதையும்தான் காதுல போட்டுக்கலை. இதையாவது போட்டுக்கிட்டீங்களே."

அவள் குரல் மாறியிருந்தது. இளமையில் அவர் கேட்ட குரல் இது இல்லை.

"என்ன உன் குரல் இப்படிக் கரகரங்குது?"

"ரெண்டு வருஷமா கத்திக்கிட்டிருக்கேன்ல."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தார். மூக்கை உறிஞ்சியது காதில் விழுந்தது.

சாயங்காலம் மகள் ஃபோன் செய்தாள். அவர் ஃபோனைக் கைமாற்றவில்லை. பேசினார், கேட்டார், குறுக்கே கேள்வி கேட்டார். சிரிக்கும்போது மகளுக்கும் அவள் அம்மாவைப்போல நடுவில் ஒரு சின்ன விக்கல் வருகிறது. பி.ஏ. எத்தனை பக்கம் எழுதித் தந்தாலும் அதை எழுதியதில்லை. இத்தனை நாள் எங்கேப்பா போயிருந்தீங்க என்று மகள் கேட்டாள். லிஃப்ட் மேல போய் மாட்டிக்கிச்சும்மா, இப்பத்தான் இறக்கினாங்க என்றார்.

பிறகு மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். இத்தனை காலமும் அவர் காதில் விழாததையெல்லாம் ஆரம்பத்திலிருந்து சொல்லப்போவதாக அறிவித்தாள். சொன்னாள். மச்சினி வந்து இருந்தது, வாஷிங் மெஷின், மாடி வீட்டுக்காரர், மாடி வீட்டுக்காரரின் சம்பந்தி, சம்பந்தியின் முழங்கால். குரல் கணீரென்று விழுந்தது. லிஃப்ட் சார் ஆனந்தமாகக் கேட்டார். கொஞ்சநேரம் கழித்தும் கேட்டார். இன்னும் கொஞ்சநேரம் கழித்து, மேஜைக்கு அடியில் ஃபோனை நைசாக எடுத்து, காதுச் சத்தத்தை ஒரு புள்ளி மட்டும் குறைக்கும்படி பி.ஏ.வுக்குத் தட்டச்சு செய்தார்.

'மன்னிக்கவும்' என்று எழுதினான் பி.ஏ. 'உங்கள் காதுக் கருவி வேறொரு ஃபோனுடன் இணைக்கப்பட்டிருக்கிறது.'

அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். மனைவி சம்பந்தியின் முழங்காலை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, தன் ஃபோனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தேடாதீங்க. குறைக்கற பட்டன் என்கிட்ட இருக்கு."