மதுவத்தின் நன்னடத்தை

சாதி பாராத தூய விஞ்ஞானம் கனடாவில் எங்கே பிறந்தது என்று யாராவது கேட்டால், மல்வேர்னில் இரத்தினவேலரின் பேஸ்மென்றில் என்று தயங்காமல் சொல்லலாம். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே 'ஏல் மதுவ ஆய்வு மன்றம்' இயங்கியது. வீட்டில் ஏல் என்ற பியர் வகையைக் காய்ச்சிக் குடிப்பதற்கு இப்படியொரு பெயர் சூட்டியவர் தலைவர் இரத்தினவேலர்தான். பியரை நொதிக்க வைக்கும் ஈஸ்ற்றை ஈஸ்ற் என்றால் அவருக்குப் பிடிக்காது; மதுவம் என்றே சொல்லவேண்டும்.

முளைத்த பார்லியில் எடுத்த ஒரே மோல்ற் கரைசலைச் சாடிகளில் ஊற்றி, சாடிக்கொரு மதுவம் போட்டு, அவற்றின் 'நடத்தை'யை மன்றம் ஆராய்ந்தது. லண்டன் மதுவம் வேலை முடிந்ததும் மரியாதையாக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது; மெல்லிய இனிப்பையும் பழவாசனையையும் விட்டுவைத்தது. அமெரிக்க மதுவம் சீனி முழுவதையும் தின்றுவிட்டு ஒரு வாசனையும் இல்லாமல் நின்றது. பெல்ஜிய மதுவம் மூடியைத் தள்ளிக்கொண்டு நுரையாக வெளியே வந்தது. லண்டன் ஆள்தான் நல்ல குடும்பம் என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

மன்றத்தில் சேர பஸ்ரியன் வெகுநாளாகக் காத்திருந்தான். மிசிசாகாவில் வேலை முடித்து வந்து சாடி கழுவுவதே அதுவரை அவனுக்குக் கிடைத்த கௌரவம். நல்ல பியர் காய்ச்சிக் காட்டினால் சேர்க்கலாம் என்று தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். அன்று அவன் கொண்டுவந்த போத்தலைத் திறந்து ஊற்றினார்கள். குடித்த இரத்தினவேலர் கண்ணை மூடிக்கொண்டார். தன் கைக்கு இந்த உருசி வரவில்லையே என்று அவருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் விஞ்ஞானி அல்லவா, லண்டன் தோற்றது என்று அறிவித்து, அங்கத்தவருக்கான கண்ணாடிக் கிளாசை அவன் கையில் கொடுத்தார்.

பிறகு அன்போடு ஒரு சின்ன 'விஞ்ஞான'க் கேள்வி கேட்டார்.

"தம்பி, ஊரில சேர்ச்சுக்கு எந்தப் பக்கம் இருந்தனீர்?"

"தெற்குப் பக்கம், அண்ணை. ஐயா கள்ளுச் சீவினவர்."

தலைவர் இன்னொரு மிடறு குடித்தார். புளித்தது. மற்றவர்களும் குடித்துப் பார்த்தார்கள், அவர்களுக்கும் புளித்தது. மதுவம் சரியில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்து, பஸ்ரியனின் விண்ணப்பத்தை 'மேலதிக ஆய்வுக்காக' ஒத்திவைத்தார்கள்.

"உது உங்கட லண்டன் மதுவம்தான், அண்ணை. கழுவச் சொல்லித் தந்த சாடியின்ர அடிமண்டியை எடுத்துத்தான் காய்ச்சினனான்," என்றான் பஸ்ரியன்.

பிறகு தலைவர் கிளாசைத் திருப்பி வாங்கிக்கொண்டு, கடதாசிக் கப் ஒன்றை நீட்டினார். பஸ்ரியன் அதைத் தொடாமல் படியேறிப் போய்விட்டான். புளித்த போத்தலை வீணாக்காமல் மன்றம் குடித்து முடித்தது.

ஆராய்ச்சி வீண்போகவில்லை. பிளேன் ஏறி, பனியிலும் சாகாமல் கனடா வந்து சேர்ந்த பழைய ஊர் மதுவம் ஒன்று அன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது தலைவரின் நாக்கில் இருந்தது.