மீஞ்சூர் வழியாகக் குடகு

ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் குமாரவேல் மூன்று முறை வாந்தி எடுத்துவிட்டான். நான்காவது முறை ஜன்னல் வரை போக அவகாசம் இல்லாமல், கல்யாணத்துக்குப் பரிசாக வந்த புதுத் தோள்பையின் ஜிப்பைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. கண்டக்டர் பஸ்ஸை ஓரங்கட்டச் சொல்லி, இரண்டு பெட்டிகளையும் அவரே தூக்கிக் கீழே வைத்து, நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று வாழ்த்திவிட்டு விசில் ஊதினார்.

பெங்களூரு பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு போவதை ரேகா பார்த்தபடி நின்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளை காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர், பதினான்கு வருஷமாகக் கடலிலேயே கிடப்பவர், புயல் அடித்தாலும் நின்றபடி சோறு தின்பவர் என்றெல்லாம் சொல்லித்தான் இருபது நாளைக்கு முன்னால் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"கடல்ல ஒரு நாள்கூட இப்டி ஆனதில்லியா மாமா?"

"கடலு ஆடும். நாமளும் கூட ஆடிக்கினே போவோம். இந்த பஸ்ஸு ஆடாம ஓடிக்கினு கீது, அதான் வவுறு ஒத்துக்கல."

ரயிலில் போகலாம் என்றால் மே மாதத்தில் டிக்கெட் கிடைக்காது. கிடைத்தாலும் குடகு மலைக்குப் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். பேசாமல் வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று ரேகா கேட்டதும் குமாரவேலின் முகம் இன்னும் வெளுத்தது. அதற்குக் காரணம் வீட்டில் மாட்டியிருந்த ஒரு படம்.

ராயபுரத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் அது தொங்கியது. அம்மா குணசுந்தரி ஸ்வெட்டர் போட்டிருப்பாள். அப்பா இடுப்பில் கைவைத்திருப்பார். பின்னால் வெள்ளை வெளேரென்று பனி. இடது மூலையில் சாய்வாக ஒரு மரப்பலகை, அது ஏரியில் படகு விடுகிற இடமாம். இருவரும் கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போனபோது எடுத்தது. இந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு குணசுந்தரி முப்பத்தைந்து வருஷமாகத் தெருவில் ஒரு சண்டையிலும் தோற்றதில்லை. 'என்னைக் கொடைக்கானல் கூட்டினு போன மனுசன்' என்று அவள் ஆரம்பித்தால், அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அவ்வளவு கூச்ச சுபாவம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளை இரண்டு மாதம் கட்டிப்போட்டுவிடுவார்கள்; சின்ன பைபர் படகுகளுக்கு மட்டும் தடை இல்லை. அவர்கள் பக்கத்தில் கல்யாணங்களெல்லாம் அப்போதுதான். வேலையற்று உட்கார்ந்திருந்த தெருவே திரண்டு வந்து இவர்களை வழியனுப்பியது. அந்தக் கூட்டத்தில்தான் குமாரவேல், தான் ஒரு ஊர் இல்லை, மூன்று ஊர் போவதாக அறிவித்தான். பெரிய பட்டணத்துக்குப் பெங்களூரு, தோட்டம் துரவுக்குக் குடகு, கடற்கரைக்கு மங்களூரு. 'மொதல்ல ஒரு ஊர ஒழுங்கா பாத்துட்டு வரட்டும்' என்று குணசுந்தரி சம்பந்தி வீட்டாரிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது. காலையில் போனவன் சாயந்திரமே வாந்தியோடு திரும்பினால், அவனுக்குப் பிள்ளை பிறந்து அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்வரை பேசுவார்கள். அதைவிட, ரேகா தன்னைப் பற்றி என்ன நினைப்பாளோ என்பது அவனை அரித்தது.

அவள் பாட்டுக்குச் செலவுக்கணக்கோ கண்ணீரோ இல்லாமல் போனை எடுத்து, தன்னோடு வேலை பார்க்கும் ஜூடியிடம் பேசினாள். ஜூடிக்கு மீஞ்சூரில் ஒரு வீடு. மாடி காலியாக இருந்தது. ஆட்டோவில் பக்கத்து ஸ்டேஷன் வரை போய் ஏறிய மின்சார ரயிலில் கதவோரம் நின்று காற்று வாங்கிக்கொண்டு வந்த குமாரவேலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இது நன்றாக ஆடுகிறது என்று சந்தோஷமாகச் சொன்னான்.

பத்து நாள் அங்கே இருந்துகொண்டு மூன்று ஊருக்கும் படம் அனுப்பினால் போதும். முதல் நாள் பெங்களூரு. திருவொற்றியூர் மெட்ரோ ரயில் நிலையத்தில், ஊர்ப் பெயர்ப் பலகை படத்தில் விழாதபடி நகரும் படிக்கட்டில் நின்று எடுத்து, குடும்பத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். குணசுந்தரி பூங்கொத்து அனுப்பினாள். ரேகாவின் அண்ணன் பொன்ராஜ் மட்டும் ஒரு கேள்வி கேட்டான்.

"பெங்களூரு ஜில்லுனு இருக்கும்னாங்க. சட்டையெல்லாம் இப்டி நனைஞ்சிருக்கே மாப்ள?"

அதைச் சரிக்கட்ட, அடுத்த படத்தில் இருவரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார்கள். மே மாதத்து மீஞ்சூர் வெயிலில், ஜூடி வீட்டுக்குப் பின்னால் இருந்த மாந்தோப்பில், குடகுக் காபித்தோட்டத்தில் நிற்பதுபோல் அரைமணி நேரம் சிரித்தார்கள். குமாரவேலுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு பூத்தது. மாங்காய் தெரியாமல்தான் எடுத்தார்கள். ஆனால் குணசுந்தரி படத்தை விரித்து விரித்துப் பார்க்கிறவள். இலைகளுக்கு நடுவே தூரத்தில் உயரமாக ஏதோ புகைகிறதே என்று கேட்டாள்.

எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி மீஞ்சூர் வரை தெரியும் என்பதை இருவருமே மறந்துபோயிருந்தார்கள்.

"காபிக்கொட்டை வறுக்கிற இடம்மா."

"அவ்ளோ பெரிசாவா வறுக்கறாங்க? அப்ப தெருவுக்கே வாங்கினு வந்துரு. இருவது வூடு. வூட்டுக்கு அரை கிலோ."

காபித்தூளுக்குப் பிறகு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று மங்களூருக்குப் போனார்கள். இதில்தான் குமாரவேலுக்கு நம்பிக்கை அதிகம். கடல் அவன் விஷயம். மங்களூரில் சூரியன் கடலில் விழும், இங்கே கடலிலிருந்து எழும். படத்தில் விழுவதும் எழுவதும் ஒன்றுதானே. விடியற்காலை எண்ணூர்க் கரையில் நின்று எடுத்து, சாயந்திரம் ஆறரை மணிக்கு அனுப்பினான். என் புருஷனுக்கு என்ன மூளை என்று ரேகா அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்தச் சந்தோஷம் ஏழு நிமிஷம் நீடித்தது.

பொன்ராஜ் போன் செய்தான். படம் பிரமாதம், ஆனால் பின்னால் ஒரு பைபர் படகு மீனோடு கரைக்கு வருகிறதே, பொழுது சாயும் நேரத்தில் யார் அப்படி வலையெடுத்து வருவார்கள் என்று கேட்டான். மங்களூரில் எல்லாம் தலைகீழ், அங்கே பகல் முழுக்கப் பிடித்துச் சாயந்திரம் விற்பார்கள் என்று குமாரவேல் அளந்துவிட்டான்.

தடைக்காலத்தில் ஒரு மீனவனிடம் சொல்லக்கூடாத செய்தி அது. பொன்ராஜ் பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிடுவது போனில் கேட்டது.

"இது புதுசா கீதே மாப்ள. நாங்களும் சும்மாதான குந்திக்கினு கீறோம். நானும் நாலு பேரும் நாளைக்கே வண்டி எடுத்துக்கினு வந்து பாக்கறோம். எந்த லாட்ஜி?"

குமாரவேல் அவசரமாக ஊரை மாற்றினான். மங்களூரை அப்போதே காலி செய்துவிட்டதாகவும், ரேகா ஆசைப்பட்டதால் மறுபடி குடகு மலைக்குப் போய்க்கொண்டிருப்பதாகவும், வழியெல்லாம் பனி மூட்டம், சிக்னல் கிடைக்காது என்றும் சொல்லிப் போனை வைத்தான். ஐந்தாவது நிமிஷம் அம்மாவின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது.

"பனியா? அப்ப பனியோட ஒரு போட்டோ அனுப்பு. எங்க கொடைக்கானல் பக்கத்துல மாட்டணும். ஆணி அடிச்சாச்சி."

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் ரேகா. "நீ பஸ்ல வாந்தி எடுக்கறவன்னு தெரிஞ்சா இன்னா மாமா? எனுக்குத் தெரிஞ்சி ஒரு வாரமாச்சி, நான் இன்னா ஓடியா பூட்டேன்?" அவன் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அந்த ஆணியை நினைத்தால் தைரியம் வரவில்லை. சென்னையில் மே மாதத்தில் பனி கிடைக்கிற இடம் அவனுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அது அவர்கள் ராயபுரம் வீட்டுக்குப் பின்தெருவில் இருந்தது.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணி. தடைக்காலத்தில் சாப்பிட்டுவிட்டுத் துறைமுகமே தூங்குகிற நேரம். குமாரவேல் ஜூடி வீட்டில் இரவல் வாங்கிய ஹெல்மெட்டைக் கழற்றாமலும், ரேகா முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டும் காசிமேட்டு ஐஸ் பேக்டரிக்குள் நுழைந்தார்கள். பைபர் படகுகளுக்காக ஒரு பக்கம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர் நோயல் அண்ணன் மட்டும்தான். குமாரவேல் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே ஐஸ் கட்டி தூக்குகிறவர்.

என்ன சொல்வது என்று மீஞ்சூரிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான். நோயல் அண்ணன் ஒன்றுமே கேட்கவில்லை. ரேகாவின் கையில் இருந்த இரண்டு ஸ்வெட்டர்களையும் பார்த்தார். வெளிக்கதவைத் தாழ் போட்டார். ஒரு பழைய துணியால் சுவரோரம் தரையைத் துடைத்து, இங்கே நில்லுங்கள் என்று கைகாட்டினார்.

குமாரவேல் ரேகாவைப் பார்த்தான். இவருக்கு எப்படித் தெரியும்? பொன்ராஜ் சொல்லியிருப்பானோ? கேட்கப் பயந்துகொண்டு, ரேகா துப்பட்டாவை அவிழ்க்க, அவனும் ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்வெட்டரை மாட்டி, அப்பாவைப் போலவே இடுப்பில் கைவைத்து நின்றான். நோயல் அண்ணன் ஐஸ் அறையின் கதவை இழுத்துத் திறந்தார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை வந்து இருவரையும் முதுகோடு மூடியது. சாட்சாத் குடகு. ரேகா குளிரில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போனை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்த நோயல் அண்ணன் படம் எடுக்காமல் தலையை ஆட்டினார்.

"கொஞ்சம் இந்தாண்ட தள்ளி நில்லு நைனா, ஐஸ் எறக்குற பலகை தெரியுது. உங்கம்மாகிட்டயும் அன்னிக்கே சொன்னேன், கேக்கல. கொடைக்கானல்ல மூலையில அப்டியே வுழுந்துடிச்சி."