முதுகு அளவை அலுவலர்

நகர மாதர் கூடைப்பந்துச் சங்கம் ஒரு நாள் திடீரென்று நீதியின் பக்கம் சாய்ந்தது. சாய்ந்த வேகத்தில் ஒரு சுற்றறிக்கை பிறந்தது.

விஷயம் இதுதான். கூடைக்குக் கீழே பந்தை வாங்கிக்கொண்டு ஒருத்தி முதுகைக் காட்டியபடி பின்னால் நெருக்கிக்கொண்டே வருவாள். தடுப்பவள் தன் இடத்தை விடாமல் நிற்கலாம். மடக்கிய முன்கை அந்த முதுகில் படலாம். உள்ளங்கையால் தள்ளினால் ஃபவுல். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டியதுதான். இத்தனை காலமும் நடுவர் கண்ணால் பார்த்துச் சொல்லிவந்தார். கண்ணைக் கோப்பில் வைக்க முடியாது என்பதைச் சங்கம் மிகுந்த வருத்தத்துடன் கண்டுபிடித்தது.

ஆகவே, தடுப்பவள் இரு கைகளிலும் சுண்ணப்பொடி பூசிக்கொள்ள வேண்டியது. பந்து வாங்குபவள் கறுப்புச் சட்டை போட வேண்டியது. மோதல் முடிந்ததும் முதுகில் விழுந்த தடத்தை அளக்க வேண்டியது. அலுவலர் கையெழுத்து இல்லாமல் எந்தத் தடத்தையும் துடைக்கக் கூடாது.

அளக்க நாடா வேண்டுமே? சங்கத்துக்குச் சட்டை தைக்கும் தையல்காரம்மாவின் கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும். அந்தத் தகுதியில் அவள் முதுகு அளவை அலுவலர் ஆனாள். ராத்திரியோடு ராத்திரியாகத் தனக்கும் ஒரு கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டாள். பதவி வந்தால் சட்டை வேண்டாமா?

இறுதி ஆட்டத்தில் தடுத்து ஆடியது அவள் மகள்தான். நெட்டை என்று கூப்பிடுவார்கள். பெரிய அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அன்றைக்குத்தான் வந்திருந்தார்கள். மூன்று வருஷமாக மகள் காத்திருந்த நாள்.

எதிரணியில் புல்டோசர் என்று ஒருத்தி. அவள் சுற்றறிக்கையை நன்றாகப் படித்திருந்தாள். பின்னால் கையை விட்டு நெட்டையின் கையைப் பிடித்து, தன் முதுகில் தானே அழுத்திக்கொண்டாள். நடுவர் அதைப் பார்த்தார். பார்த்தது செல்லாது. தையல்காரம்மா அளந்தாள்: உள்ளங்கை ஒன்று, விரல் ஐந்து. இப்படியே நெட்டைக்கு நான்கு ஃபவுல் ஆயிற்று.

கடைசி நிமிடத்துக்கு முன் ஒரு சின்ன இடைவேளை. சங்கத் தலைவி புகைப்படத்துக்காகப் பொடித்தட்டில் கையை முக்கினாள். முக்கிய கையோடு போய், "நல்லா ஆடும்மா" என்று புல்டோசரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஆட்டம் தொடர்ந்தது. புல்டோசர் நெருக்கினாள். நெட்டை இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிவிட்டு மரம் மாதிரி நின்றாள். முட்டியவள் தானே விழுந்தாள். விசில். நாடா.

முதுகில் பளிச்சென்று ஓர் உள்ளங்கை.

"இது நெட்டையோடது இல்லைங்க" என்றாள் தையல்காரம்மா. "கை எட்டு அங்குலம் இருக்கு. என் பொண்ணுக்கு ஏழுதான். மூணு மோதிரத் தடம் வேற."

சங்கத்தின் செயலாளரம்மா தலைவியின் மூன்று மோதிரங்களைப் பார்த்தாள். பிறகு படிவத்தைப் பார்த்தாள்.

"யார் கைன்னு எழுத இதுல கட்டம் இல்லையே?"

"கட்டம் இல்லேன்னா கை மாறிடுமாங்க?"

"உள்ளங்கை உண்டா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி."

"உண்டு. ஆனா..."

"ஆனாவுக்கும் கட்டம் இல்லை." செயலாளரம்மா பொடித்தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, அதே கையை அவள் முதுகில் ஆதரவாக வைத்தாள். "பெத்த பாசத்துல அலுவலர் தவறிட்டாங்கன்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாது பாருங்க."

அலுவலர் என்ற சொல் தையல்காரம்மாவின் காதில் தேனாய் இறங்கியது. கையெழுத்து விழுந்தது. ஐந்தாவது ஃபவுல். நெட்டை துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆள் எடுக்க வந்தவர்கள் புல்டோசரின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. "இவளல்லவா நேர்மையான தாய்!" என்று தலைவி, உறுப்பினர்கள், பார்க்க வந்த பெண்கள் என எல்லாரும் வரிசையில் வந்து பொடித்தட்டைத் தாண்டி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். வரிசை தட்டை ஒட்டியே நகர்ந்ததால் அதில் கை படாதவர் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னாள். "அசையாம நில்லும்மா."

நாடா முதுகில் ஊர்ந்தது.

"பதினாலு உள்ளங்கை."

"பாராட்டுனாங்கடி."

"தட்டினதா தள்ளினதான்னு எழுதக் கட்டம் இல்லையேம்மா. முதல்ல விழுந்தது செயலாளரம்மா கை. அதுக்கப்புறந்தானே நீ கையெழுத்துப் போட்ட?"

தையல்காரம்மா சுவரைப் பார்த்தபடியே "துடைச்சு விடேன்" என்றாள்.

"அலுவலர் அளந்து கையெழுத்துப் போடாம துடைக்கக் கூடாதாம்."

தையல்காரம்மா நாடாவை வாங்கினாள். இடது தோளுக்கு மேலாக வீசிப் பார்த்தாள். வலது பக்கமாக வளைத்துப் பார்த்தாள். ஊர் முதுகையெல்லாம் அளந்த நாடா, அவள் முதுகுக்கு மட்டும் எட்டவேயில்லை.