சூரியக் காற்றுக்கு நான் போட்ட பவுடர்

பிள்ளைகளுக்கு உதவக் கிளம்பும் அப்பாவைவிட, ஈசிசேரில் கிடந்து தூங்கும் அப்பா எவ்வளவோ மேல். எனக்கு இது 2009இல், சிதம்பரத்தில் புரிந்தது.

மகள் கவிதா அங்கே எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி ஆண்டு. கோள்களுக்கு நடுவே திரியும் ஹைட்ரஜன், சூரிய வெளிச்சம் பட்டு லேசாக ஒளிருமாம். (நம் கண்ணுக்குத் தெரியாது. எனக்கு எதுதான் தெரிந்தது?) சூரியக் காற்று பலமாக அடிக்கும் பக்கம் அந்த ஹைட்ரஜன் குறைந்து, ஒளி மங்கிவிடும். விண்கலம் எடுத்த அளவுகளை வைத்து இரண்டு வான வரைபடங்கள் போட்டிருந்தாள். சூரியன் கொந்தளித்த வருஷத்துக்கு ஒன்று, அடங்கிக் கிடந்த வருஷத்துக்கு ஒன்று. தேர்வுக்கு வெளியூரிலிருந்து வரும் பேராசிரியருக்குப் பிடித்துவிட்டால் அவரிடமே ஆராய்ச்சிக்குச் சேரலாம். வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

"மாமா கடையில பெருசா பிரிண்ட் போட்டு எடுத்தாந்துடுங்கப்பா" என்று பென் டிரைவைக் கொடுத்துவிட்டு முதல் நாளே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மாமா என்பது என் மச்சான் குமார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிளெக்ஸ் கடை. காதுகுத்தோ கல்யாணமோ, எந்த முகம் வந்தாலும் சிவப்பாக்காமல் அனுப்பமாட்டான்.

இரண்டாவது படத்தின் நடுவே கருப்பாக ஒரு பட்டை.

"இன்னா மாமா, நடுவுல ஒரே இருட்டா இருக்கு?"

"படம் சரியா விழல போல. கொஞ்சம் பளிச்சுனு பண்ணுடா. பெரியவுங்க பாக்கறது."

"அதுக்குத்தான நான் இருக்கேன்."

டீ ஆறுவதற்குள் பட்டை போய்விட்டது. பென் டிரைவிலும் பழைய படத்தின் மேலேயே சேமித்துக் கொடுத்தான்.

பஸ் தாமதம். கவிதா தேர்வு அறைக்குள் நுழையும்போதுதான் சுருளை நீட்டினேன். கதவோரம் நின்று பார்த்தேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? மாற்றம் எங்கம்மா?" என்றார் பேராசிரியர்.

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தக் கருப்புப் பட்டைதான் சூரியக் காற்று போன தடம். அவள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பிடித்தது. சூரியன் அடங்கிய வருஷத்தில் காற்று நடுவே அடர்ந்து அடிப்பதால் விழும் பட்டை அது; சூரியன் கொந்தளித்தால் காற்று எல்லாப் பக்கமும் பரவி அழிந்துவிடுமாம். சூரியன் பல வருஷம் எடுத்துச் செய்யும் அந்த வேலையை நானும் மச்சானும் ஒரு டீ நேரத்தில் முடித்திருந்தோம். மூலப் படம் துறைக் கணினியில் இருந்தது. கரண்ட் இல்லை.

தேறிவிட்டாள். ஆராய்ச்சிக்கு அழைப்பு வரவில்லை. இப்போது கம்மாபுரம் பக்கம் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறாள். அன்று கடலூர் திரும்பும்வரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

போன மாதம் என் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏதோ திட்டு தெரிகிறது என்றார் டாக்டர். கவிதா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"குமார் மாமா கடையில குடுத்தா போயிடும்பா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அவள் மட்டும் படத்தை ஜன்னலிலிருந்து இறக்காமல் இன்னும் அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.