வாங்காத பாயும் செல்வி அக்கா விரலும்

கடைக்கு வந்தவர்களிடம் "வாங்காதீங்க" என்று சொல்லியே பிழைத்த வியாபாரி இந்த உலகத்தில் ஒருவர்தான். திருக்காட்டுப்பள்ளியில் செல்போன் கடை வைத்திருந்த அவரை ஊரே 'வாங்காத பாய்' என்று கூப்பிட்டது. சொந்தப் பெயரை அவர் வீட்டம்மாவே மறந்திருப்பார்.

அவருடைய இணையதளம் பிறந்தது ஒரு கரும்பலகையில். புதுப் போன்களின் குறைகளைச் சாக்பீஸால் எழுதிக் கடை வாசலில் மாட்டுவார். யாரோ அதைப் படம் பிடித்து துபாய்க்கு அனுப்ப, லீவுக்கு வருகிறவர்கள் எல்லாம் "பாய், எந்தப் போன் வாங்கிட்டு வரலாம்?" என்று குடைய ஆரம்பித்தார்கள். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனதும் தளம் தொடங்கினார். செய்தி எழுத என்னைச் சேர்த்துக்கொண்டார். 'அற்புதமான கேமரா' என்று எழுதினால் போதும், எகிறுவார்.

"அற்புதத்த எங்க பாத்தீங்க? தண்ணியில போட்டீங்களா? டிராக்டர் மேல வச்சு வெயில்ல காய விட்டீங்களா?"

போட்டேன். காயவும் விட்டேன். வாய்க்காலில் முங்கிப் போன் தேடிய பத்திரிகையாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு போனைப் புகழ்ந்தார். அதை நம்பி வாங்கிய செல்வி அக்கா, நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு கடைக்கே வந்துவிட்டார்.

"என்னா பாய், வெரல வச்சா தொறக்கும்னீங்க? கையக் கழுவிட்டு வச்சாலும் தொறக்க மாட்டேங்குது. நீங்க சொன்னீங்கன்னுதானே வாங்குனேன்?"

நாள் முழுக்கச் சேற்றுத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல் அந்தப் போனுக்கு அடையாளம் தெரியவில்லை. நாங்கள் சோதித்ததோ ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்த விரலை வைத்து! பாய்க்கு முகம் செத்துப்போனது.

"நம்ம சொல்லு போச்சுன்னா தளத்த இழுத்து மூடிற வேண்டியதுதாங்க" என்றவர், 'தப்பு என்னுடையது, இதை வாங்காதீங்க' என்று முதல் பக்கத்தில் போடச் சொன்னார்.

கம்பெனிக்குக் கோபம். கட்டுரையை எடுக்காவிட்டால் வழக்கு என்று கடிதம் வந்தது. பின்னாலேயே சென்னையிலிருந்து ஓர் இன்ஜினியர், பளபள ஷூவோடு.

"எங்க லேப்ல எல்லா டெஸ்ட்டும் பண்ணியாச்சு சார்."

"லேப்ல யாருங்க நாத்து நட்டது? வாங்க."

பாய் அவரைக் கையோடு வயலுக்கு அழைத்துப் போனார். செல்வி அக்கா ஒரு கட்டு நாற்றை நீட்டி, "நட்டுப் பாருங்க தம்பி" என்றார். ரோஷக்கார மனுஷன், பேண்டை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்! மத்தியானம் வரை நட்டார். அதில் பாதி மிதந்தது. கரையேறிக் கையைக் கழுவி, தன்னிடமிருந்த அதே மாடல் போனில் விரலை வைத்தார். ம்ஹூம். துடைத்து வைத்தார், ஊதி வைத்தார். ம்ஹூம்.

"திருடன்னு நெனச்சிருச்சோ?" என்றார் செல்வி அக்கா. வயலே சிரித்தது, இன்ஜினியர் உட்பட.

வழக்கு வரவில்லை. அடுத்த நடவு சமயத்தில் அந்தப் போனுக்கு அப்டேட் வந்தது, குறையைச் சொன்ன எங்கள் தளத்துக்கு நன்றியோடு. பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு வயலுக்கு ஓடினார். பின்னால் நானும். நட்டுக்கொண்டிருந்த செல்வி அக்கா கையைக் கழுவி, சுருங்கிய விரலை வைத்தார்.

"தொறந்துருச்சு பாய்!"

பெண்கள் போட்ட குலவையில் ரோட்டில் போன பஸ்ஸே நின்று பார்த்தது. பாய் கைலியோடு வரப்பில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

"இனிமே நம்மள நம்பலாங்க" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ முதலாளிகளிடம் வேலை பார்த்துவிட்டேன். இவரிடம் வேலை பார்த்தேன் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அந்த ஒரு மனுஷனைப் பற்றி மட்டும்தான்.