பேத்தி நடப்பதைப் பார்க்க அனுமதி கோருவது குறித்து

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீங்கள் மூவரும் நலம் என்று நேற்றுதான் போனில் கேட்டுக்கொண்டேன். இருந்தாலும் கடிதம் என்று உட்கார்ந்துவிட்டால் விசாரிக்காமல் விட முடியாது. எனவே, நலமா?

நிற்க. உன் மகள் நடக்க ஆரம்பித்துப் பதினொரு நாள் ஆகிறது. நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த வீடியோவை நீயே உருவாக்கிய வலைத்தளத்தில் பூட்டி வைத்திருக்கிறாய். "குழந்தை வீடியோ கண்டவங்க கைக்குப் போயிடக் கூடாதுப்பா. அனுமதி இருக்கிறவங்க கேட்டா ஒரு லிங்க் வரும், பத்து நிமிஷத்துல அது செத்துடும்" என்றாய். சரியான ஏற்பாடுதான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் நகல் எழுதியவன் நான். சம்பந்தமில்லாதவனுக்கு ஒரு வரி காட்டியதில்லை. ஆனால் நான் சம்பந்தமில்லாதவனா?

முதல் நாள் அம்மாவின் போனுக்கு லிங்க் வந்தது. பேத்தியை உள்ளங்கை அகலத்திலா பார்ப்பது, கம்ப்யூட்டரில் பெரிதாகப் பார்ப்போம் என்று அதைத் தாளில் நகல் எடுக்க உட்கார்ந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்து, நடுநடுவே சதவீதக் குறி வேறு. எழுதி, ஒருமுறை ஒப்பிட்டு, பழக்கதோஷத்தில் கீழே "அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது" என்று போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். அப்புறம் ஒற்றை விரலால் அடித்து முடித்தால் "காலாவதியாகிவிட்டது" என்கிறது. மறுநாள் வேற லிங்க், அதுல பாதிக்கு மேல புது எழுத்து. அம்மாவைப் படிக்கச் சொல்லி நான் நேரா அடிச்சேன். பூஜ்யத்தையும் ஓவையும் மாத்திச் சொல்லிட்டு "ரெண்டும் வட்டம்தானே"ங்கிறா. அன்னிக்கு முழுக்க நாங்க பேசிக்கல. மூணாம் நாள் அது நான் மனுஷன்தானான்னு சந்தேகப்பட்டு, பாலம் இருக்கிற படத்தையெல்லாம் தொடச் சொல்லுச்சு. நான் பாலத்தோட நிழலையும் சேர்த்துத் தொட்டேன். மனுஷன் இல்லைன்னு முடிவு பண்ணிடுச்சு.

நீ வெளிநாடு போய் மூணு வருஷம் ஆச்சும்மா. உன் குழந்தையை நான் தூக்கினதே இல்ல. எந்தக் காலை முதல்ல எடுத்து வெச்சாளோன்னு சாப்பிடும்போதும் அதே நினைப்பு. பக்கத்து வீட்டுக் குழந்தை நடந்தாக்கூட முகத்தைத் திருப்பிக்கிறேன்.

ஆகவே லிங்க்கின் ஆயுளைப் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரமாக நீட்டித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். சான்றாக, அதன் பிறகும் விடாமல் எழுதியவற்றையும் சேர்த்து, என் கையால் எழுதிய நகல்கள் ஏழு இணைத்துள்ளேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குழந்தைக்கு முத்தம். நல்லா இரும்மா.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது அம்மா போனை எடுத்து, புதுசா வந்த லிங்க் மேல விரலை வெச்சா. திறந்துடுச்சு. அவ்வளவுதானாம். மேலே எழுதின எல்லாத்தையும் அடிச்சுடு. நாலு தடவை பார்த்தோம். குழந்தை ஆறு எட்டு வெச்சு உன்கிட்ட வந்து விழறா. வீடியோ எடுத்தது நீ. அதனால "வா, வா"ன்னு உன் குரலும், நீட்டின ஒரு கையும்தான் தெரியுது. கை இளைச்சிருக்கு. அடுத்த வீடியோவை மாப்பிள்ளையை எடுக்கச் சொல்லும்மா. எனக்கு உன்னைப் பார்க்கணும்.