ஒற்றைச் சிங்கம்

"சிங்கம் ஒண்ணுதானா?" என்று சபாபதி மேஸ்திரி கேட்டபோதே குழந்தைவேலுக்கு வேர்த்துவிட்டது.

ரங்கூனில் பெண் பார்க்க வந்த இடத்தில் வாயைக் கொடுத்தது அவன் தப்புதான். துரைக்கு எழுத்தராகக் கப்பலேறி, கிரேக்க தேசத்துப் பழைய போர்க்களத்தையும் அங்கே மாண்ட வீரர்களுக்காக வைத்த கல்சிங்கத்தையும் கண்ணாரக் கண்டவன் அவன். சொன்னால் மதிப்புக் கூடும் என்று நினைத்தான். மேஸ்திரியோ, பொய் சொன்னான் என்று போன மாதம்தான் ஒரு மாப்பிள்ளையை விரட்டியவர். கதவிடுக்கில் நீலாம்பாளைப் பார்த்த பிறகு, விரட்டப்பட அவனுக்குத் துளியும் மனமில்லை.

"ஒண்ணுதானுங்க. வீரர்களைப் புதைச்ச இடத்துல உக்காந்திருக்கு."

"ரங்கூன்ல எந்தப் புத்தர் பகோடா வாசல்லயும் சிங்கம் ஜோடியாத்தானே இருக்கு? ஒத்தைச் சிங்கத்தை எந்த மடையன் வைப்பான்?"

"இன்னொண்ணும் இருந்துச்சுங்க. உடைஞ்சுபோச்சு."

"அப்படிச் சொல்லுங்க, தம்பி! நடுவுல படிக்கட்டு?"

பக்கத்து மலையடிவாரத்தில், பாறையில் குடைந்த பாழடைந்த நாடகக் கொட்டகையை அவன் பார்த்தது நிஜம். அதில் படிபடியாக இருக்கைகள். "இருக்குங்க" என்றான் தெம்பாக.

"படிக்கு மேலே பகோடா?"

மேலே ஆடுதான் மேய்ந்தது. "இருக்குங்க. சின்னது."

"தங்கம் பூசினதா?"

"லேசா."

மேஸ்திரியின் மனைவி ரத்தினம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, விருந்தாளிக்கு வைக்கும் ஊறவைத்த தேயிலைத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். கூட வந்த சித்தப்பா அய்யாசாமி அதை இடையிலேயே மறித்துக்கொண்டார். அவர் வாய் திறந்தது அதற்கு மட்டும்தான்.

"செருப்பைக் கழட்டிட்டுத்தானே ஏறினீங்க?" என்றார் மேஸ்திரி.

"பின்னே?"

"உங்க துரை?"

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? "அவரும்தாங்க."

செருப்பைக் கழற்ற மாட்டோம் என்று வெள்ளைக்காரர்கள் பகோடாப் பக்கமே எட்டிப் பார்க்காத ஊர் அது. மேஸ்திரி எழுந்துவிட்டார்.

"வெள்ளைக்காரன் பூட்ஸைக் கழட்டினானா! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களே, தம்பி! எழுந்திருங்க!"

குழந்தைவேலு எழுந்தான். கிரேக்க தேசம்வரை போய் வந்தவனுக்கு வாசல்வரை போகக் கால் வரவில்லை.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து நீலாம்பாள் சொன்னாள்:

"அப்பா, அந்தச் சிங்கத்தோட படம் எங்க மிஷன் பள்ளிக்கூடத்துச் சுவத்துலயே இருக்கு, சிங்கம் ஒண்ணேதான், கண்ணால பார்த்ததையே நீங்க சொன்னதுக்காக மாத்திக்கிட்டாரே, எனக்குப் புருஷனா இவரையே கட்டி வைங்க!"